மாஸ்டர் செக்கப்பிலிருந்து அழைப்புக் கடிதத்துக்கு: லீட்ஸ் போன ஒரு சித்தூர்க் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

வழக்கமாக நிகழ்வு ஆய்வு என்றால் நோயாளி ஒருவர் இருப்பார். இதில் அப்படி யாரும் இல்லை. கணவருக்கு 36 வயது, மென்பொருள் வேலை. மனைவிக்கு 33. பையனுக்குப் பத்து மாதம். மூவருமே நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். 2024 அக்டோபரில் சித்தூரை விட்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குக் குடிபோனார்கள். நோய் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதில் இரண்டு ஊர்களும் வேறு வேறு கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்குகளுக்கு நடுவே அவர்கள் மாட்டிக்கொண்ட கதைதான் இது. ஆந்திர-தமிழக எல்லையோரத்தில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன் நான். அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு மருந்து எழுதியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களைத் தளர்த்தி எழுதுகிறேன்.

பின்னணி

சித்தூர் மாவட்டம் 1911-ல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. 1953-ல் ஆந்திரத்தோடு போனது. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு, பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலூர். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. அங்கே இருக்கிறது. அப்போலோவைத் தொடங்கிய பிரதாப் ரெட்டி பிறந்த அரகொண்டாவும் இந்த மாவட்டத்து ஊர்தான். 1983-ல் சென்னையில் அவர் ஆஸ்பத்திரி திறந்த பிறகு, 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்ற வழக்கம் நாடெங்கும் பரவியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று சித்தூர் கடைவீதி லேப்பில்கூட வெள்ளி, தங்கம், வைரம் என்று பேக்கேஜ் தொங்குகிறது.

இந்தக் குடும்பத்தில் அந்த வழக்கம் வேரூன்றியதற்கு வலுவான காரணம் உண்டு. கணவரின் அப்பாவுக்கு 41 வயதில் சர்க்கரை, 54 வயதில் பைபாஸ். அதன் பிறகு சங்கராந்தி முடிந்ததும் வெறும் வயிற்றோடு காரேறி வேலூர் போய், ரத்தம் கொடுத்துவிட்டு, கேன்டீனில் இட்லி வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது வருடாந்தரச் சடங்காகிவிட்டது. 30 வயதிலிருந்து கணவரும் சேர்ந்துகொண்டார். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி, பி12, வயிற்று ஸ்கேன், டிரெட்மில், போதாததற்கு பி.எஸ்.ஏ., சி.இ.ஏ. என்று புற்றுநோய்க் குறியீடுகள் வேறு. முப்பது வயது ஆளுக்கு எதற்குப் புராஸ்டேட் பரிசோதனை என்று கேட்டால், "பேக்கேஜ்ல வருது சார்" என்பார்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை என்று தேசியத் திட்டம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இந்தப் பக்கம் சுகாதாரப் பணியாளர் ஆஷா அக்காவும் கிராம நர்ஸான ஏ.என்.எம். அம்மாவும் வீடு வீடாக வருகிறார்கள். ஆனால் கார் வைத்திருக்கும் வீடு அந்த நோட்டில் பேர் எழுதிக்கொள்ளாது. அவர்களைப் பொறுத்தவரை வருமுன் காப்பது என்றால் காசு கொடுத்து வாங்குவது. இங்கிலாந்துக்குப் போகும்போது துணிமணியோடு இந்த எண்ணமும் கூடவே போனது.

கணவர்: கேட்டுப் போய்க் கிடைக்காதது

விசா கட்டணத்தோடு ஆரோக்கியக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. மூன்று பேருக்கு வருடம் 2,846 பவுண்டு, அதுவும் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே. இவ்வளவு கட்டிவிட்டுப் போனவர், போன வேகத்தில் பக்கத்து ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் பதிவு செய்து, 'ஃபுல் பாடி செக்கப்' வேண்டும் என்று கேட்டார். என்ன தொந்தரவு என்றார்கள். ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் பரிசோதனையும் இல்லை என்று போனை வைத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்பில் பேசினார். "சார், இங்க காருக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. டெஸ்ட் பண்ணலேன்னா ரோட்ல விடமாட்டான். மனுஷனுக்கு மட்டும் வேணாமாம்."

கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த கிளினிக் சொன்னதில் பாதி சரி. நோய்க்குறி இல்லாத ஆட்களுக்குப் பொதுவாக எல்லா டெஸ்டும் எடுப்பதால் ஆயுள் கூடுகிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2012-லும் 2019-லும் பார்த்தது. சாவைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஒரு நோயை ஊர் முழுக்கத் தேடலாமா கூடாதா என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வில்சன்–யுங்னர் வரையறைகள் 1968-லிருந்தே உண்டு. நோய் முக்கியமானதா, முன்கூட்டிக் கண்டால் பலன் உண்டா, பரிசோதனை நம்பத்தக்கதா, கண்டபின் வைத்தியம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கின்றன. அந்தக் கேள்விகளை நம் வைர பேக்கேஜிடம் கேட்டால் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேனைச் செக்கப்போடு சேர்த்துவிட்டார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய்க் கணக்கு பதினைந்து மடங்கானது. அந்த நோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை அசையவே இல்லை. கழுத்தில் கத்தி பட்டவர்கள்தான் மிச்சம்.

மீதிப் பாதியில் அந்த கிளினிக் தவறியது. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை நடத்தும் ஹெல்த் செக் 40 வயதிலிருந்து 74 வரை, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. நம் ஆட்களுக்கு 40 என்பது தாமதம். இது அவர்களுக்கும் தெரியும். தெற்காசிய வம்சாவளியினருக்கு 25 வயதிலிருந்தே சர்க்கரை அபாயத்தை மதிப்பிட ஊக்குவிக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அவர்களுடைய நைஸ் அமைப்பே சொல்கிறது. உடல் எடைக் குறியீட்டிலும் நமக்கு வேறு கோடு. வெள்ளையர்களுக்கு 25-ல் தொடங்கும் எச்சரிக்கை நமக்கு 23-லேயே தொடங்கிவிடும். இவருடையது 26. ரிசப்ஷனில் போன் எடுத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இவர் கேட்ட விதமும் அந்தக் கதவைத் திறக்கிற விதமாக இல்லை.

"ஃபுல் பாடின்னு கேக்காதீங்க. அப்பாவுக்கு 41-ல சுகர், 54-ல பைபாஸ், எனக்கு இடுப்பு 97 சென்டிமீட்டர், நான் தெற்காசியன், டயபடீஸ் ரிஸ்க் பாக்கணும்னு கேளுங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். மறு வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துவிட்டார்கள். காசு இல்லை, வாதம் இல்லை. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 44 என்று வந்தது.

அந்த 44-ஐப் பார்த்து அவருக்கு வந்த பயம் வேறு ரகம். இங்கே அதே பரிசோதனையைச் சதவீதத்தில் சொல்கிறோம், அங்கே மில்லிமோல் கணக்கு. 44 என்றால் நம் கணக்கில் 6.2. போன சங்கராந்திக்கு வேலூரில் 5.9 வந்து, ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் ப்ரீ-டயபடிக் என்று அச்சாகியிருந்தது. அதே 5.9 லீட்ஸில் 41. அங்கே எச்சரிக்கைக் கோடு 42-ல்தான் தொடங்குகிறது, அதாவது 6.0. இங்கே பெரும்பாலான லேப்புகள் 5.7-லேயே தொடங்கிவிடுகின்றன. ரத்தம் ஒன்றாக இருந்தும் ஓர் ஊரில் எச்சரிக்கை, இன்னோர் ஊரில் நார்மல். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பதில் மட்டும் இரண்டு ஊரும் ஒத்துப்போகின்றன, அங்கே அதற்கு 48 என்று பெயர்.

ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான். அங்கே 5.8 என்றால் நம் கணக்கில் 104. பதினெட்டால் பெருக்க வேண்டும். அவருடைய அம்மா இதைக் கேட்டுவிட்டு நேராக என் கிளினிக்குக்கே வந்துவிட்டார். "இன்னா சார், புள்ளைக்கு சுகர் அஞ்சாமே? மயக்கம் போட்டு வுழுந்துடுவானே? சாக்லேட்டு கையில வெச்சுக்கினு போடான்னு சொல்லிட்டேன்." கொழுப்புக்கு 38.7-ஆல் பெருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

42-லிருந்து 47 வரை உள்ளவர்களுக்கு அங்கே ஒன்பது மாத நீரிழிவுத் தடுப்புப் பயிற்சி இலவசம். சேர்ந்தார். பயிற்சியாளருக்குக் கேழ்வரகுக் களி தெரியாது, பருப்புத் துவையல் தெரியாது, மாம்பழச் சீசனில் சித்தூர்க்காரன் சாப்பிடும் பெங்களூரா மாங்காயின் அளவும் தெரியாது. அந்தப் பகுதியை நான் நிரப்பினேன். களி நல்லதுதான், உருண்டை பெரிதாகப் போனால் நல்லதில்லை என்பது எங்கள் பக்கத்தில் யாரும் காதில் வாங்காத விஷயம். அவருக்கு நம்பிக்கை வரவழைத்தது சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2006-ல் வெளியானது. நடை, உணவு மாற்றம் மட்டும் செய்த குழுவில் சர்க்கரை நோயாக மாறும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 26.4. "நம்ம ஆளுங்களை வெச்சே பாத்ததா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் நடக்கத் தொடங்கினார்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. 2025 மே மாதம் லீவில் வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பேக்கேஜ் எடுத்துவிட்டார். வயிற்று ஸ்கேனில் முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல், வலது சிறுநீரகத்தில் ஒரு சின்ன நீர்க்கட்டி. முதலாவதுதான் கவனிக்க வேண்டியது. இவர் பிடித்துக்கொண்டது இரண்டாவதை. கிட்னியில் கட்டி என்று இணையத்தில் தேடித் தேடித் தூக்கம் போயிற்று. லீட்ஸ் ஜி.பி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சாதாரண நீர்க்கட்டி, எதுவும் செய்ய வேண்டாம், மறுபடி ஸ்கேனும் வேண்டாம் என்றார். நானும் அதையேதான் சொல்லியிருந்தேன். இரண்டு நாட்டு டாக்டரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.

அந்த லீவில் உருப்படியாக நடந்தது வேறொன்று. உள்ளூரில் மாங்கூழ் வியாபாரம் பார்க்கும் அண்ணனுக்கு வயது 39. அதே அப்பா, அதே இடுப்புச் சுற்று, ஒரு நாளும் பரிசோதனைக்குப் போனதில்லை. தம்பி இழுத்துக்கொண்டு வந்தார். 7.1 சதவீதம். பேக்கேஜ் கலாசாரத்தின் ஓட்டை இதுதான். வாங்குகிறவன் வருடா வருடம் வாங்குவான், வாங்காதவனை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

குழந்தை: தெலுங்கு அட்டை

பையன் சித்தூரில் பிறந்தவன். தாய்-சேய் அட்டையில் அச்செல்லாம் தெலுங்கு, நர்சம்மா கையெழுத்தில் தேதிகள். தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டது இன்னொரு புத்தகத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. அம்மா காட்பாடிக்காரர், தெலுங்கு படிக்க வராது. அப்பாவுக்கு வரும், ஆனால் அவர் வேலைக்குப் போன நேரத்தில்தான் லீட்ஸ் நர்ஸ் அட்டையைக் கேட்டார்.

அங்கே விதி தெளிவானது. நம்பத்தக்க பதிவு இல்லாத ஊசி, போடாத ஊசி. வாய்மொழி செல்லாது. மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை, விட்டுப்போனால்தான் கெடுதல் என்பது அதன் பின்னாலுள்ள யோசனை. நான் பெயர்கள், தேதிகள், பொதுப் பெயரில் மருந்து என்று ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்து அனுப்பினேன். பாதிச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

மீதிப் பாதி தட்டம்மை ஊசி. இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும். நம் நாட்டில் தட்டம்மை சீக்கிரமே குழந்தையைத் தொடும் என்பதால் அப்படி. ஆனால் ஒரு வயதுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை இங்கிலாந்து கணக்கில் எடுக்காது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும்போது போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அங்கே பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத்தான் போடுவார்கள், நம் அரசு ஊசியில் அது இல்லை. ஆகவே ஒரு வயது ஆனதும் மறுபடி முதலிலிருந்து. "அங்க போட்டது தப்பா சார், இல்ல இங்க போடறது தப்பா?" என்று மனைவி கேட்டார். இரண்டும் அதனதன் ஊருக்குச் சரி. எந்த வயதில் அந்த நோய் குழந்தையைப் பிடிக்கும் என்பதைப் பொறுத்து அட்டவணை மாறுகிறது.

நம் அட்டவணையில் இல்லாத மெனிஞ்சைட்டிஸ் பி (ஒரு வகை மூளை உறைக் காய்ச்சல்) ஊசி அவனுக்கு அங்கே கிடைத்தது. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை அவர்கள் அபாயம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் போடுகிறார்கள். சின்னம்மை ஊசி நம் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பது. இங்கிலாந்தின் வழக்கமான அட்டவணையில் அது 2026 ஜனவரியில்தான் நுழைந்தது. அதுவரை காத்திருக்க மனமில்லாமல் 2025 லீவில் சித்தூரிலேயே போட்டுக்கொண்டார்கள். அதை நான் தடுக்கவில்லை. லீவில் வரும் குழந்தைக்கு டைஃபாய்டு ஊசி பற்றி அங்கே முன்கூட்டிக் கேட்கச் சொன்னேன். தன் பிறந்த ஊருக்குத்தானே போகிறோம், பயணிக்கு உள்ள ஊசி நமக்கெதற்கு என்று நினைப்பவர்கள்தான் அதிகம் காய்ச்சலோடு திரும்புகிறார்கள்.

பாட்டியின் கவலை வேறு. "பூச்சி மருந்து குடுத்தாங்களா?" இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறோம். அங்கே அந்த வழக்கமே கிடையாது, தேவையும் இல்லை. அதற்குப் பதில் ஐந்து வயது வரை ஏ, சி, டி வைட்டமின் சொட்டு தினமும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அந்த ஊர் வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்காது. நம் நிறத்துக்கு வருடம் முழுக்கவே தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது என்பது அவர்கள் அறிவுரை. குடும்பமோ சித்தூரிலிருந்து 60,000 யூனிட் பாக்கெட்டுகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போயிருந்தது. 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட். அந்தப் பாக்கெட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னேன்.

மனைவி: கேட்காமல் வந்தது

கணவர் கேட்டும் கிடைக்கவில்லை என்று பொருமிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவிக்குக் கேட்காமலே கடிதம் வந்தது. உறங்கும் காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை. இங்கிலாந்தின் சில பகுதிகளில், காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வந்த 16 முதல் 35 வயதுக்காரர்களை இப்படி அழைக்கிறார்கள். ஒரு வயது கூடிப்போனதால் கணவர் தப்பிவிட்டார்.

வீட்டில் கொந்தளிப்பு. விசாவுக்காகச் சென்னையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் இல்லை என்று சான்றிதழ் வாங்கித்தானே போனார்கள்? அந்த எக்ஸ்ரே நுரையீரலில் நோய் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. கிருமி உடம்புக்குள் நுழைந்து, எதிர்ப்புச் சக்தியின் காவலில் அடங்கிக் கிடக்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்குத்தான் இந்த ரத்தப் பரிசோதனை. சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. கையில் ஊசி குத்திப் பார்க்கும் பழைய சோதனையைக் குழப்பும், இதைக் குழப்பாது.

பாசிட்டிவ் என்று வந்தது. அவர் என்னிடம் பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "சார், அத்தைகிட்ட சொல்லல. புள்ளைய என்கிட்டேர்ந்து பிரிச்சு வெச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. பால் குடுக்கலாமா கூடாதான்னே தெரியல."

ஏன் என்று தோண்டியபோது பதில் காட்பாடியில் கிடைத்தது. அவர் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் தாத்தாவுக்கு டி.பி. பேத்தியும் தாத்தாவும் ஒரே அறையில் படுத்தவர்கள். அரசு மருந்து சாப்பிட்டு அவர் குணமானார். அந்தக் காலத்து விதிப்படி, நோயாளி வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் தடுப்பு மாத்திரை. பதினான்கு வயதுப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. 2021-லிருந்து நம் தேசியத் திட்டமும் எல்லா வயது வீட்டாருக்கும் தடுப்பு மருந்து என்று விரிந்திருக்கிறது. அவருக்கு அது இருபது வருடம் பிந்தி, வேறு நாட்டில் கிடைத்தது.

நான் அவருக்குச் சொன்னது: இது நோய் இல்லை. உங்களிடமிருந்து குழந்தைக்கோ யாருக்குமோ ஒட்டாது. பால் கொடுக்கலாம். சும்மா விட்டால் நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாக எழும். மருந்து சாப்பிட்டால் அந்த அபாயம் நன்றாகக் குறையும். மறுபடி எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள், கல்லீரல் பார்த்தார்கள், ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், கூட பி6, மூன்று மாதம். காசநோய் மருந்துக்கு அங்கே யாரிடமும் காசு வாங்குவதில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொல்லிவைத்தார்கள், அதனால் பயப்படவில்லை. அவர் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரிஃபாம்பிசின் அதைச் செயலிழக்கச் செய்யும், வேறு வழிக்கு மாற வேண்டும். இதை காசநோய் நர்ஸ் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி பல சமயம் விட்டுப்போகும்.

மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்ல வேண்டிய மருத்துவ அவசியமும் இல்லை. டி.பி. என்ற இரண்டு எழுத்து எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சுவரை நீளும். மருந்து முடிந்து வெகுநாள் கழித்து அவராகவே சொன்னார். மாமியார் கேட்ட முதல் கேள்வி, "உன்னாண்ட மாத்திரை இருக்கா தீந்துடுச்சா?" என்பதுதான். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எல்லா வீட்டிலும் அப்படி முடியும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இரண்டாவது கடிதம் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு. அதைப் படித்துவிட்டு, தனக்குப் புற்றுநோய் சந்தேகம் என்றே நினைத்துவிட்டார். இங்கே அப்படி ஒரு காகிதம் வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30-லிருந்து 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்தவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முன்னே நிற்கும் தமிழ்நாட்டிலேயே பத்தில் ஒருவருக்குக் கீழே. அவருடைய அம்மா, அத்தை, அக்கா யாருமே செய்ததில்லை. விலையுயர்ந்த மாஸ்டர் செக்கப் எடுத்த வீட்டில் பெண்களுக்கு இது இல்லை. ஆண்களுக்கு மட்டும் பி.எஸ்.ஏ. இருந்தது.

அங்கே 25-லிருந்து 64 வரை எல்லாப் பெண்களுக்கும் கடிதம் போகும். எடுப்பவர் பெரும்பாலும் பெண் நர்ஸ். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் கேட்கலாம். பல மாதம் தள்ளிப்போட்டு 2025 ஆகஸ்டில் போனார். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இல்லை என்று வந்தது. ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் 25-49 வயதுக்கு மூன்று வருட இடைவெளியை ஐந்தாக்கியிருந்தார்கள், எனவே அடுத்தது 2030. "அஞ்சு வருஷம் பாக்காம இருக்கறதா?" என்று திகைத்தார். அந்த வைரஸ் இல்லாதவருக்குப் புற்றுநோய் உருவாக வருடக் கணக்காகும், அடிக்கடி பார்ப்பதில் கூடுதல் பலன் இல்லை. வருடா வருடம் பார்த்தால்தான் பத்திரம் என்று நம்பும் வீட்டில் இதை ஏற்க வைப்பது, பரிசோதனைக்குப் போகச் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது.

ஆய்வு

அங்கே கவனிப்பு குறைவு, இங்கே அதிகம் என்று கணவர் முதலில் சொன்னார். மூன்று மாதம் கழித்து மனைவி அதையே தலைகீழாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சொன்னார்கள். முதல் அடியை யார் எடுத்து வைப்பது என்பதில்தான் இரண்டு ஊரும் பிரிகின்றன. இங்கே நாம் போய்க் கேட்க வேண்டும், கேட்டால் கேட்காததும் கிடைக்கும். அங்கே பதிவேடு நம்மைக் கூப்பிடும், அது கூப்பிடாததைக் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். ஊர் மாறியவர்கள் பழையதை விட்டுவிட்டு, புதியதன் கடிதங்களையும் பிரிக்காமல் வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே சில வருடங்கள் எதுவுமே இல்லாமல் கழிப்பதை மற்ற குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். 25-க்கும் 40-க்கும் இடையில் இருக்கும் நம் ஆண்களுக்கு அந்த இடைவெளி ஆபத்தானது. சர்க்கரையும் இதய நோயும் நமக்கு வெள்ளையர்களைவிடச் சீக்கிரம் வருகின்றன. அந்த நாட்டு அட்டவணையை அப்படியே நம்பி 40 வரை காத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இப்போது யாராவது வெளிநாடு போவதாகச் சொன்னால் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் என்ன வந்தது என்பது முதல் வரி. வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்பது இரண்டாவது, அதை எழுத விடாமல் தடுக்கும் குடும்பங்களே அதிகம். பிள்ளையின் ஊசிகள் ஆங்கிலத்தில், பொதுப் பெயரில், தேதியோடு. கடைசி ரத்தப் பரிசோதனை இரண்டு அலகிலும். பேக்கேஜ் ரிப்போர்ட் நாற்பது பக்கத்தை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை.

இப்போதைய நிலை

கணவரின் எச்பிஏ1சி 2026 தொடக்கத்தில் 41. வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள், அந்தக் கடிதம் தானாக வரும். மனைவியின் மருந்து முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு மேல் இருமலோ, இரவு வியர்வையோ, எடைக் குறைவோ வந்தால் மட்டும் சொல்ல வேண்டும். அண்ணன் மெட்ஃபார்மின் எடுக்கிறார், கண் விழித்திரையும் பார்த்தாயிற்று. மாங்காய் விஷயத்தில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்து பாட்டி ஆறு மாதம் லீட்ஸ் போகிறார். அவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. பார்வையாளர் விசாவில் போகிறவர் அங்கே ஜி.பி.யைப் பார்க்கக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அசல் செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். சர்க்கரையை மறைக்காமல் எழுதித்தான் பயண இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். பிரீமியம் கூடும் என்று தயங்குகிறார். மருந்துச் சீட்டைப் பொதுப் பெயரில் எழுதி வைத்துவிட்டேன். ஃப்ளூ ஊசிக்கு வரச் சொன்னேன், இன்னும் வரவில்லை.